பூச்சி மாத்திரையை நாமே வாங்கிப் போடலாமா?

மெடிக்கலில் போய் "ஒரு பூச்சி மாத்திரை குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கிடைப்பது அநேகமாக அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒற்றை மாத்திரை. பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது, உடம்பு தேறவில்லை, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறது, முகத்தில் வெள்ளைத் திட்டு தெரிகிறது, பெரியவருக்கு வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது என்று எதைச் சொன்னாலும் நம் வீடுகளில் முதல் சந்தேகம் பூச்சி மேல்தான். இப்படி நாமே வாங்கிப் போட்டுக்கொள்வதில் தப்பு உண்டா என்றால், வேறு நோய் இல்லாத ஆள், ஒரே ஒரு மாத்திரை, ஒரே ஒரு தடவை என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதற்கு அடுத்த கட்டம்தான் ஆபத்து. கேட்கவில்லையே என்று இன்னொன்று போடுவது, அப்புறம் ஒரு வாரம் தொடர்ந்து போடுவது, அதுவும் கேட்கவில்லை என்றால் யாரோ வாட்ஸ்அப்பில் சொன்ன வேறு மருந்துக்கு மாறுவது. எந்தப் புழு, அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் செய்கிற வேலை இது.

"பள்ளிக்கூடத்தில் சோதனை எதுவும் செய்யாமல்தானே எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்தியாவில் 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் நடக்கிறது, பிப்ரவரி 10 அன்று ஒரு சுற்று, பல மாநிலங்களில் ஆகஸ்டில் இன்னொரு சுற்று, 1 வயது முதல் 19 வயது வரை. யாருக்கும் மலம் எடுத்துப் பார்ப்பதில்லை. காரணம் எளிது: மண் வழியாகப் பரவும் புழுக்கள் நிறைய இருக்கும் இடத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் சோதனை செய்கிற செலவு மாத்திரையின் விலையைவிடப் பல மடங்கு. மருந்தும் ஒற்றை வேளையில் குடலோடு நின்றுவிடும், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஆகவே ஊர் மொத்தத்திலும் புழுச் சுமையைக் குறைக்க எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. "உன் வயிற்றுவலிக்குப் பூச்சிதான் காரணம்" என்று அந்த மாத்திரை சொல்லவில்லை. அதோடு அங்கேயும் சில விதிகள் உண்டு. 2 வயதுக்குக் கீழே பாதி மாத்திரைதான், சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளாமல் இருக்கப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள், பெரிய பிள்ளைகள் மென்று விழுங்க வேண்டும், அன்றைக்குக் காய்ச்சலோ வேறு நோயோ உள்ள பிள்ளைக்குக் கொடுக்க மாட்டார்கள்.

மருந்து என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்த்தால் மற்றதெல்லாம் புரியும். புழுவின் செல்லுக்குள் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன, சத்தை உள்ளே கொண்டுபோக அவை வேண்டும். அல்பெண்டசோலும் அதன் உறவுக்கார மருந்தான மெபெண்டசோலும் அந்தக் குழாய்கள் உருவாகவிடாமல் தடுத்துவிடும். புழு சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் பட்டினியில் சாகும், சட்டென்று சாகாது, சில நாள் ஆகும். அதனால்தான் மாத்திரை போட்ட மறுநாள் காலையில் ஆர்வமாக எட்டிப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. தெரியவில்லை என்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை. பைரன்டெல் என்ற மருந்தின் வழி வேறு. அது புழுவின் தசையை முடக்கிவிடும், பிடி விட்டுப்போன புழு மலத்தோடு வெளியே வந்துவிடும்.

அந்தக் காலத்தில் பூச்சி மருந்து என்றாலே அரை விஷம். 1910-களின் பிற்பகுதியில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி நம் ஊர்களிலிருந்து போன தமிழர்கள். தைமால், செனோபோடியம் எண்ணெய் போன்றவற்றைக் கொடுத்துக் குடலைக் கழுவினார்கள், அளவு கொஞ்சம் கூடினால் ஆளுக்கே ஆபத்து. புழு போனவர்களும் கக்கூஸ் இல்லாத லயத்துக்கே (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) திரும்பிப் போனார்கள், வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தார்கள், மறுபடியும் தொற்றியது. அதோடு ஒப்பிட்டால் இன்றைய ஒற்றை மாத்திரை உண்மையிலேயே பெரிய வரம். அது இவ்வளவு சாதுவாக இருப்பதுதான் நம்மை அசட்டையாகவும் ஆக்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

சரி, எந்தப் புழு என்பது ஏன் முக்கியம்? உருண்டைப்புழுவுக்கு (நாக்குப்பூச்சி என்போமே, மண்புழு மாதிரி நீளமாக இருப்பது) ஒரே வேளை அல்பெண்டசோல் நன்றாகவே கேட்கும். கொக்கிப்புழுவுக்கும் ஓரளவு நன்றாகக் கேட்கும். சாட்டைப்புழுவுக்கு ஒரே வேளையில் குணம் கிடைப்பது குறைவு, அதற்கு வேறு முறையில், கூடுதல் நாள் கொடுப்பார்கள். மண் வழிப் புழுக்கள் மூன்றும் ஒரே குடும்பம் மாதிரி பேசப்பட்டாலும் மருந்துக்கு ஒரே மாதிரி பணிவதில்லை. நாடாப்புழுவுக்கு முதல் தேர்வு பிராசிகுவான்டெல், அது வேறு வகை மருந்து.

நம் வீடுகளில் அதிகம் பார்க்கிற கீரிப்பூச்சி தனிக்கதை. வெள்ளை நூல் துணுக்கு மாதிரி, சுமார் ஒரு சென்டிமீட்டர் வரை இருக்கும். ராத்திரியில் பெண் புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும், அதனால்தான் பிள்ளை இரவில் சொறியும், தூக்கம் கெடும். சொறிந்த விரலின் நகத்தில் முட்டை ஒட்டிக்கொள்ளும், விரல் வாய்க்குப் போகும், தம்பி தங்கைக்கும் போகும், தலையணை உறை, போர்வை, கதவுப் பிடி எல்லாவற்றிலும் ஒட்டும். முட்டை சில மணி நேரத்திலேயே தொற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடும், வெளியே இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடிக்கும். மாத்திரை வளர்ந்த புழுவைக் கொல்லுமே தவிர முட்டையை ஒன்றும் செய்யாது. ஆகவே ஒரு மாத்திரை போட்டுச் சில வாரத்தில் மறுபடி சொறிகிறது என்றால் மருந்து மோசம் என்று பொருள் அல்ல, முட்டைகள் பொரிந்து அடுத்த தலைமுறை வந்துவிட்டது. இதற்கு வழக்கமான முறை, வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரு வேளை, இரண்டு வாரம் கழித்து எல்லாருக்கும் இன்னொரு வேளை. அதோடு நகத்தை ஒட்ட வெட்டுவது, காலையில் எழுந்தவுடன் குளிப்பாட்டுவது, உள்ளாடை, படுக்கை விரிப்பைச் சூடான தண்ணீரில் துவைப்பது. இதைச் செய்யாமல் பிள்ளைக்கு மட்டும் மாதா மாதம் மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ. இன்னொன்று, கீரிப்பூச்சியை மலப் பரிசோதனையில் பெரும்பாலும் பிடிக்க முடியாது. காலையில் கழுவுவதற்கு முன்னால் ஆசனவாயைச் சுற்றிச் செல்லோடேப்பை ஒற்றி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் அதற்கான சோதனை. கண்ணாலேயே புழு தெரிந்தால் அதுவும் வேண்டாம்.

கொக்கிப்புழுவில் வேறு விஷயம். அது குடலில் பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கிறது, மெதுவாக, வருடக்கணக்கில். நோய் என்று தெரிவதே சோகையில்தான்: வெளிறிப்போன முகம், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, சில பேருக்கு மண், சாம்பல், பச்சை அரிசி தின்னும் ஆசை. மாத்திரை புழுவைக் கொல்லும், போன இரும்புச்சத்தைத் திருப்பித் தராது. அதற்குத் தனியாக இரும்பு மாத்திரை மாதக்கணக்கில் வேண்டும். இங்கே நாமே வைத்தியம் பார்ப்பதில் இருக்கும் பெரிய கோளாறு என்னவென்றால், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்குக் காரணம் தெரியாமல் ரத்தம் குறைந்தால் அது குடலில் புண்ணோ கட்டியோ ஆக இருக்கலாம். "பூச்சியாத்தான் இருக்கும்" என்று இரண்டு தடவை மாத்திரை போட்டுவிட்டு ஆறு மாதம் கடத்தினால் அந்த ஆறு மாதம் யார் கணக்கில்? எடை குறைவதும் அப்படித்தான். சர்க்கரை, தைராய்டு, காசநோய் என்று பார்க்க வேண்டிய பட்டியல் நீளம், அதில் புழு ஒரு ஓரத்தில்தான் வரும்.

இப்போது கொஞ்சம் பயப்பட வேண்டிய இடம். பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால், அதிலிருந்து வரும் இளம்புழு ரத்தத்தில் ஏறி மூளையில் போய்ச் சின்னப் பையாகக் குடியிருக்கும். பன்றிக்கறி சாப்பிடுகிறவருக்குத்தான் இது வரும் என்பது தப்பு. அரைவேக்காட்டுக் கறியால் வருவது குடலில் வளரும் நாடாப்புழு. மூளைக்குப் போவது அந்தப் புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து வந்த முட்டை, அது கீரையிலும் தண்ணீரிலும் கை சுத்தம் இல்லாத சமையலிலும் வரலாம். சுத்த சைவருக்கும் வரும். நம் நாட்டில் வலிப்பு நோய்க்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அந்தப் பை உயிரோடு இருக்கும்வரை பல பேருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. அது சாகும்போதுதான் உடம்பு விழித்துக்கொண்டு சண்டை போடும், மூளையில் வீக்கம் வரும், வலிப்பு வரும். அல்பெண்டசோலைத் தொடர்ந்து நாள்கணக்கில் போட்டால் அது மூளைக்கும் போய்ப் பைகளைக் கொல்லும். ஆகவே இதற்கு மருத்துவம் செய்யும்போது முதலில் ஸ்கேன் எடுப்பார்கள், எத்தனை பை, எங்கே என்று பார்ப்பார்கள், கண்ணிலும் இருக்கிறதா என்று சோதிப்பார்கள், வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுப்பார்கள், வலிப்பு மாத்திரையும் கூடவே. சில சமயம் மருந்தே கொடுக்காமல் விடுவதும் உண்டு. ஸ்கேனில் தெரியும் ஒற்றைப் புள்ளி புழுவா காசநோய்க் கட்டியா என்பதே பெரிய குழப்பம், அதைப் பிரித்தறிய என்னென்ன பார்க்க வேண்டும் என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். இவ்வளவு யோசித்துச் செய்கிற காரியத்தை, மூளையில் பை இருப்பதே தெரியாத ஒருவர் "ஒரு வாரம் தொடர்ந்து போட்டா முழுசா க்ளீன் ஆயிடும்" என்று தானாகச் செய்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வேறு காரணத்துக்காக இந்த மருந்தை எடுப்பவருக்குக்கூட, தெரியாமல் மூளையில் இருக்கும் பைகளால் வலிப்பு வரலாம் என்று அமெரிக்காவில் விற்கும் அல்பெண்டசோலின் விவரக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஏற்கெனவே வலிப்பு வந்தவர், காரணம் தெரியாத தலைவலி உள்ளவர் என்றால் ஒரு மாத்திரைக்கே கேட்டுவிட்டுப் போடுவதுதான் நல்லது.

நீண்ட நாள் போடுவதில் வேறு செலவும் உண்டு. கல்லீரல் நொதிகள் ஏறலாம், ரத்த வெள்ளணுக்கள் குறையலாம். நாயிடமிருந்து வரும் நீர்க்கட்டிப் புழுவுக்கு வாரக்கணக்கில் கொடுக்கும்போது மருத்துவர்கள் இடையிடையே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருப்பது இதனால்தான். இன்னொரு சின்ன விஷயம், கொழுப்புள்ள சாப்பாட்டோடு அல்பெண்டசோல் போட்டால் ரத்தத்தில் ஏறும் அளவு பல மடங்கு கூடும். திசுவுக்குள் இருக்கும் புழுவுக்கு அது வேண்டும், குடல் புழுவுக்கு வேண்டியதில்லை. பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போடுகிறோமா, வெறும் வயிற்றில் போடுகிறோமா என்பதில்கூட வித்தியாசம் இருக்கிறது என்றால் பாருங்கள்.

பூச்சி என்று நாம் சொல்கிற எல்லாம் புழுவும் இல்லை. அமீபா, ஜியார்டியா இரண்டும் ஒற்றைச் செல் உயிர்கள். லேசாக வயிறு போனாலே அவற்றைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரை இரண்டு போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. திடீரென்று வரும் பேதியில் பெரும்பகுதி வைரஸால் வருவது, அதற்கு இந்த மருந்தால் பயன் இல்லை, உப்புச்சர்க்கரைக் கரைசல்தான் வேண்டும். உண்மையிலேயே அமீபா என்றாலும் இரண்டு மாத்திரையோடு நிறுத்தினால் போதாது. திசுவில் இருப்பதை மெட்ரோனிடசோல் கொன்றாலும் குடலுக்குள் மிச்சமிருக்கும் கூட்டுறைகளுக்கு (உறைபோட்டு ஒளிந்திருக்கும் அமீபா) டைலோக்ஸனைடு மாதிரி இன்னொரு மருந்து வேண்டும். காய்ச்சலோடு வலது விலாவுக்குக் கீழே வலி என்றால், முக்கியமாகக் குடிப்பழக்கம் உள்ள ஆண்களுக்கு, அமீபா கல்லீரலில் சீழ்க்கட்டி போட்டிருக்கலாம். அதற்கு ஸ்கேன் பார்க்க வேண்டும், மெடிக்கலில் கேட்டு முடிகிற கதை இல்லை. குடித்துவிட்டு மெட்ரோனிடசோல் போடாதீர்கள் என்பதை எல்லாரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், நானும் சொல்லிவைக்கிறேன்.

ஐவர்மெக்டின் கதை கொரோனா காலத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. ஜப்பானில் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து, அதற்காக சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பலும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு வாங்கினார்கள். ஆப்பிரிக்காவில் புழுவால் பார்வை போகும் ஆற்றுக்குருடு நோயிலிருந்து எத்தனையோ லட்சம் பேரைக் காப்பாற்றியது. சிரங்குக்கும் கொடுப்பார்கள். அற்புதமான மருந்து, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மனிதருக்கு அளவு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்று எடை பார்த்துத் தருவது. அமெரிக்காவில் 2021-இல் மக்கள் கொரோனாவுக்கென்று குதிரைக்கான ஐவர்மெக்டின் பசையை வாங்கிச் சாப்பிட, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு "நீங்கள் குதிரை அல்ல" என்றே பதிவு போட வேண்டியதாயிற்று. ஒரு குழாய்ப் பசை ஐநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள விலங்குக்கு. அளவு கூடினால் தடுமாற்றம், குழப்பம், வலிப்பு, கோமா வரை போகும். நம் ஊரில் இன்னொரு சிக்கல், அல்பெண்டசோலும் ஐவர்மெக்டினும் சேர்ந்த மாத்திரைகள் கடைகளில் தாராளமாக இருக்கின்றன, கேட்பவர் "பூச்சி மாத்திரை" என்றுதான் கேட்கிறார், எது கையில் வருகிறது என்று பட்டையைத் திருப்பிப் படிப்பதில்லை. படியுங்கள்.

இணையத்தில் இப்போது ஓடும் "ஒட்டுண்ணி நீக்கப் பத்தியம்" பற்றியும் ஒரு வார்த்தை. பௌர்ணமி அன்று புழு வேகமாக இருக்கும், மூலிகைப் பொடி குடித்து எனிமா கொடுத்தால் கயிறு கயிறாக வெளியே வரும் என்று படம் போடுகிறார்கள். அந்தக் கயிறு பெரும்பாலும் குடலின் சளி, உரிந்துபோன படலம். அதைச் செய்வதே அந்த எனிமாதான். இதில் வருத்தமான ஒரு வகையும் உண்டு: தோலுக்குள் பூச்சி ஊர்கிறது என்று முழுமையாக நம்பி, உதிர்ந்த தோலையும் நூலையும் தீப்பெட்டியில் போட்டு மருத்துவரிடம் கொண்டுவருபவர்கள். மருத்துவப் புத்தகங்களில் தீப்பெட்டிக்கே தனிக் குறிப்பு இருக்கிறது. அவர்கள் அனுபவிக்கும் ஊறல் பொய் இல்லை, ஆனால் மேலும் மேலும் பூச்சி மருந்து போட்டால் அது தீராது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் கிண்டல் செய்யாமல் கூட்டிப் போங்கள்.

வீட்டு நம்பிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். பல் கடிப்பதற்கும் பூச்சிக்கும் தொடர்பு இருப்பதாக உறுதியாகவில்லை. கன்னத்து வெள்ளைத் திட்டு பெரும்பாலும் வறண்ட தோல், வெயில் சம்பந்தப்பட்டது, எண்ணெயோ கிரீமோ தடவினால் மெதுவாகப் போகும். இனிப்பு தின்றால் பூச்சி பிறக்காது, முட்டையோ இளம்புழுவோ உடம்புக்குள் போனால்தான் வரும், இனிப்பால் பல்தான் கெடும். விளக்கெண்ணெய் பேதி குடலைக் காலி செய்யும், சுவரில் பல் பதித்திருக்கும் கொக்கிப்புழு அதற்கு அசைந்து கொடுக்காது.

யார் தானாக எதையும் போடக்கூடாது என்று கேட்டால்: கர்ப்பமாக இருப்பவர், முக்கியமாக முதல் மூன்று மாதம், கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும்கூட. ஒரு வயதுக்குக் கீழான குழந்தை. கல்லீரல் நோய் உள்ளவர். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர். அப்புறம் பலருக்குத் தெரியாத ஒன்று, ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கப்போகிறவர். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்றொரு புழு உடம்புக்குள்ளேயே பெருகிப் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும், எதிர்ப்புச் சக்தியை ஸ்டீராய்டு அடக்கினால் உடம்பெங்கும் பரவி உயிரை எடுக்கும். ஒற்றை அல்பெண்டசோல் அதற்குப் போதாது. மண்ணில் வேலை செய்தவர், வெறுங்காலோடு நடந்து பழகியவர் என்றால் ஸ்டீராய்டு எழுதும் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். பிள்ளைக்கு வயிறு கல் மாதிரி உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, மலம் போகாமல் இருந்தால் உருண்டைப்புழுக்கள் திரண்டு குடலை அடைத்திருக்கலாம், அப்போது மாத்திரை கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரி.

மற்றபடி மலப் பரிசோதனை ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஒரு தடவை பார்த்து "இல்லை" என்று வந்தால் தவறவிட்டிருக்க வாய்ப்பு உண்டு, வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கொடுப்பது நல்லது, சிறுநீரும் தண்ணீரும் கலக்காமல் எடுங்கள். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வகை வெள்ளணு கூடியிருந்தால் புழு இருக்கலாம், ஒவ்வாமையும் இருக்கலாம், அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஏற்கெனவே எதையாவது போட்டிருந்தால் அந்தப் பட்டையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், எத்தனை போட்டீர்கள், எப்போது போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை போட்ட மறுநாளே மலத்தைக் கொடுத்துவிட்டு முட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதில் பிரயோசனம் இல்லை, இரண்டு மூன்று வாரம் விட்டுக் கொடுங்கள்.